கரி எங்கே எரிகிறது, விளக்கு எங்கே எரிகிறது?

(பிள்ளைப்பாக்கத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகல் ஷிப்டு முடிந்து வந்தவர்களும், ராத்திரி ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்களும், நடவு முடித்துக் கால் கழுவிவிட்டு நேராக வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிகிறது. கையில் மைக் இருக்கிறது. அந்தப் பக்கம் சிப்காட் பேட்டையின் விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. இந்தப் பக்கம் ஏரிக்குக் கீழே யாரோ ஒருவருடைய மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. இவை நான்கும் ஓடுவது ஒரே மின்சாரத்தில். அது எங்கிருந்து வருகிறது?

"கம்பியிலிருந்து" என்று குழந்தை சொல்லும். "இ.பி. ஆபீசிலிருந்து" என்று நாம் சொல்வோம். இரண்டு பதிலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "கடையிலிருந்து" என்கிறது பட்டணத்துப் பிள்ளை. கேட்டு நாம் சிரிக்கிறோம். நாற்று நட்டவளும், களை பறித்தவளும், கதிர் அறுத்துக் கட்டு சுமந்தவனும் அந்தப் பதிலில் காணாமல் போய்விடுகிறார்கள். மின்சார விஷயத்தில் நாமும் அந்தப் பட்டணத்துப் பிள்ளைகளாகத்தான் இருக்கிறோம்.

ஆகவே இன்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறோம். மின்சாரம் யார் தோளில் ஏறி வருகிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான், யாருக்கு எவ்வளவு, எந்த நேரத்தில் என்று கேட்க நமக்கும் வாய் உண்டு என்பது விளங்கும்.

நெல் அவிக்கும் பாயிலர்

ரைஸ் மில்லில் வேலை செய்தவர்கள் இங்கே இருப்பீர்கள். உமியைப் போட்டு நெருப்பு மூட்டுகிறோம். பாயிலரில் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியில் நெல் வேகிறது. அனல் மின் நிலையமும் அடிப்படையில் இதுதான். உமிக்குப் பதிலாக நிலக்கரி. கரியை முதலில் இயந்திரத்தில் போட்டு முகப்பவுடர் மாதிரி அரைக்கிறார்கள். அந்தத் தூளைக் காற்றோடு சேர்த்துப் பாயிலருக்குள் ஊதுகிறார்கள். உள்ளே எழும் நெருப்பு ஒரு மாடி வீட்டையே விழுங்கும் அளவு பெரியது. அதில் பிறக்கும் ஆவியின் சூடு சுமார் 540 டிகிரி. அந்த ஆவி பாய்ந்து டர்பைன் என்னும் சக்கரத்தை நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது. சக்கரத்தோடு பிணைத்திருக்கும் ஜெனரேட்டரில் மின்சாரம் பிறக்கிறது.

இங்கே ஒரு கணக்குச் சொல்கிறோம். மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 700 கிராம் கரி எரிய வேண்டும். எரிகிற சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மற்ற இரண்டு பங்கும் புகைபோக்கி வழியாகவும் தண்ணீர் வழியாகவும் போய்விடுகிறது. அது மட்டுமல்ல. நம் கரியில் சாம்பல் அதிகம். 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். விறகடுப்புச் சாம்பலையே எங்கே கொட்டுவது என்று நம் வீட்டுப் பெண்கள் யோசிக்கிறார்கள். இந்தச் சாம்பலை எங்கே கொட்டுவது? அதற்குப் பிறகு வருகிறோம்.

5 குதிரை சக்தி மோட்டார் நான்கு மணி நேரம் ஓடினால் சுமார் 15 யூனிட். கரிக் கணக்கில் பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணமில்லாமல் கிடைக்கும் 100 யூனிட்டுக்கு 70 கிலோ. உதாரணத்துக்கு 5 மெகாவாட் இழுக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக் கொள்வோம். அதற்கு மணிக்கு மூன்றரை டன். மூன்று ஷிப்டும் ஓடினால் நாளைக்கு 84 டன். நாலைந்து லாரி கரி, ஒவ்வொரு நாளும்!

இனி மின் நிலையத்தின் பக்கமிருந்து பாருங்கள். 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 3,500 டன் கரி தின்னும். 58 பெட்டி கோத்த ஒரு கூட்ஸ் ரயில் ஏற்றி வரும் கரி ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு இயந்திரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு முழு ரயில். ரயில் ஒரு நாள் வராவிட்டால் குவித்து வைத்த கரி கரைகிறது. பல நாள் வராவிட்டால் இயந்திரம் நிற்கிறது. 2021 அக்டோபரிலும் 2022 ஏப்ரலிலும் நாடு முழுவதும் கரித் தட்டுப்பாடு வந்ததை நினைத்துப் பாருங்கள். 2022ல் கரி ரயிலுக்கு வழி விடுவதற்காக ஜனங்கள் ஏறும் ரயில்களையே ரத்துச் செய்தார்கள்.

ஏரிக்கு ஏரி, கலங்கலுக்குக் கலங்கல்

நம் மாநிலம் முதலில் நம்பியது மலைத் தண்ணீரை. பைக்காரா 1932ல், மேட்டூர் 1937ல், பாபநாசம் 1944ல். மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும். ஆகவே நிலத்துக்கு அடியிலிருக்கும் எரிபொருள் தேவைப்பட்டது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அப்படித்தான் வந்தது. 1956ல் பொதுத்துறை நிறுவனமாகத் தொடங்கி, சோவியத் நாட்டின் உதவியோடு மின் நிலையம் கட்டி, 1962ல் முதல் இயந்திரம் ஓடியது. அந்த முதல் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. 1970ல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது. 450 மெகாவாட். அதன் பின் தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை. தமிழ்நாட்டு ஆலைகளின் சங்கு ஊதியதும், கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்ததும், கவலை ஏற்றம் ஓய்ந்ததும் பெரும்பகுதி இந்தப் பாயிலர்களின் பலத்தில்தான்.

நமக்கு மிக அருகில் கரி எரியும் இடம் எது? இங்கிருந்து வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், அத்திப்பட்டு, வல்லூர், எண்ணூர்ப் பக்கம். வடசென்னை அனல் மின் நிலையத்தில் முதல் கட்டம் 630, இரண்டாம் கட்டம் 1,200, 2024 மார்ச்சில் தொடங்கி வைத்த மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூர். மத்திய சர்க்காரின் என்.டி.பி.சி.யும் மாநில மின்துறையும் சரிபாதி பங்கில் கட்டியது, 1,500 மெகாவாட்.

அவற்றுக்குக் கரி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து. அங்கே வெட்டி, பாரதீப் துறைமுகத்துக்கு ரயிலில் கொண்டு வந்து, கப்பலில் ஏற்றுகிறார்கள். வங்காள விரிகுடா வழியாக எண்ணூரில் இறக்குகிறார்கள். 2001ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், முக்கியமாக இந்தக் கரிக்காகவே கட்டியது. அங்கிருந்து ஓடும் பட்டையில் ஏறிக் கரி பாயிலருக்குப் போகிறது. ஒடிசா சுரங்கத் தொழிலாளி வெட்டிய கரி, துறைமுகத் தொழிலாளி இறக்கிய கரி, மின் நிலையத் தொழிலாளி எரித்த கரி, மின்வாரியத் தொழிலாளி இழுத்த கம்பி! இவ்வளவு கைகள் மாறித்தான் உங்கள் இயந்திரத்தின் பொத்தானுக்கு உயிர் வருகிறது.

தால்சேர்க் கரி இன்னொரு வழியிலும் வருகிறது. அங்கேயே எரிந்து, மின்சாரமாக, கம்பி வழியே! தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் உயர் அழுத்த லைன் 2003ல் வந்தது. 2013 டிசம்பர் 31ஆம் தேதி தென்னாட்டு மின் தொகுப்பு முழுவதும் வடநாட்டுத் தொகுப்போடு இணைந்தது. ஆகவே இந்த விளக்கில் எரிவது வல்லூர் மின்சாரமா, நெய்வேலி மின்சாரமா, கூடங்குளத்து அணு மின்சாரமா, ஆரல்வாய்மொழிக் காற்றா என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

நம் ஜில்லாவுக்கு ஏரி ஜில்லா என்றே பெயர். ஒரு ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த ஏரி. மின் தொகுப்பும் அப்படிப்பட்ட ஏரித் தொடர்தான். ஸ்ரீபெரும்புதூரின் 400 கிலோவோல்ட் துணை மின் நிலையம் அந்தத் தொடரில் ஒரு பெரிய ஏரி. அங்கிருந்து அழுத்தம் படிப்படியாகக் குறைந்து, பேட்டைக்கு ஒரு கால்வாய், ஊருக்கு ஒரு கால்வாய், வயலுக்கு ஒரு கால்வாய் என்று பிரிகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீரைத் தேக்கி வைக்கலாம். நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். இவ்வளவு பெரிய அளவு மின்சாரத்தைச் சேமிக்கும் வசதி இன்னும் நம்மிடம் போதுமான அளவு இல்லை. எந்த நிமிஷம் எவ்வளவு செலவோ, அந்த நிமிஷம் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். குறைந்தால் தொகுப்பு முழுவதும் தள்ளாடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடநாடும் கிழக்கு நாடும் இருண்டு போயின. 31ஆம் தேதி மட்டும் அறுபது கோடி ஜனங்கள் வாழும் பகுதியில் மின்சாரம் நின்றது. அப்படி ஆகாமல் பார்த்துக் கொள்ளத்தான் சென்னையில் மின்பகிர்வு மையம் ராப்பகலாகக் கண் விழித்திருக்கிறது. ஏரிக்கு நீர்க்கட்டி இருப்பது போல, மின்சாரத்துக்கு அந்த மையம்.

தண்ணீர் குறைந்தால் நீர்க்கட்டி என்ன செய்வார்? மடையை அடைப்பார். எந்த மடையை? அங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது.

கடைமடைக்கு வந்த வினை

2008ஆம் வருஷம் முதல் சுமார் ஆறு வருஷம் தமிழ்நாடு இருட்டில் தவித்தது. வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேவை ஏறிக்கொண்டே போனது. இந்தத் தொழிற்பேட்டைகள் பெருகியதும் அதே வருஷங்களில்தான். ஆனால் புதிய மின் நிலையங்கள் வரத் தாமதமாயின. 2012ல் நிலைமை முற்றியது. சென்னைப் பட்டணத்தில் நாளைக்கு 2 மணி நேரம் வெட்டு. பட்டணத்துக்கு வெளியே பல ஊர்களில் 10 மணி நேரத்துக்கும் மேலே! உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளுக்கு நூற்றுக்கு 40 வெட்டு.

பெரிய கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டர் வைத்துக் கொண்டன. வெளிச் சந்தையில் மின்சாரம் வாங்கிக் கொண்டன. சின்னப் பட்டறையும், விசைத்தறியும் என்ன செய்யும்? தறி நின்றால் நெய்கிறவனுக்குக் கூலி நிற்கும். ஆலையில் ஷிப்டு குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போவது கான்ட்ராக்ட் தொழிலாளி. மின்சாரம் வெட்டினார்கள் என்று பத்திரிகையில் வந்தது. கூலியை வெட்டினார்கள் என்று எந்தப் பத்திரிகையில் வந்தது?

வயற்காட்டுக்கு வாருங்கள். பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான், அதிலும் நடு ராத்திரியில். ராத்திரி மோட்டார் போடப் போவது யார்? பெரும்பாலும் கூலிக்கு நிற்கிற ஆள். பாம்பும் தேளும் முதலில் சந்திப்பது அவன் காலை. பம்புசெட்டுக்குக் கட்டணமில்லை என்பதைச் சிலர் பெரிய சலுகையாகப் பேசுகிறார்கள். நமக்குச் சொந்த நிலம் இல்லை, சொந்தக் கிணறு இல்லை. ஆனால் அந்த மோட்டார் ஓடினால்தான் நாற்றங்கால் நனையும். நாற்றங்கால் நனைந்தால்தான் நடவு. நடவு வந்தால்தான் நம் அடுப்பு எரியும். ஆகவே பம்புசெட் மின்சாரம் நிலக்காரருடைய பிரச்சினை மட்டுந்தான் என்று எண்ணிவிடாதீர்கள். அது நம் கூலிப் பிரச்சினை.

இந்த இருட்டு எப்படி விலகியது? 2012 முதல் 2015 வரை மேட்டூரில் 600, வடசென்னையில் 1,200, வல்லூரில் 1,500, தூத்துக்குடியில் 1,000 மெகாவாட் என்று புதிய அனல் நிலையங்கள் ஓடத் தொடங்கின. மொத்தம் 4,300 மெகாவாட். அவ்வளவும் நமக்கே அல்ல, சிலவற்றில் பங்குதான். வெளி மாநில மின்சாரமும் காற்று மின்சாரமும் கை கொடுத்தன என்பதும் உண்மை. ஆனால் முதுகெலும்பாக நின்றது கரிதான். இதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

சாம்பலும் சாவும் யாருக்கு?

ஆனால், தோழர்களே, நமக்கு விளக்கு எரிந்தபோது வேறொருவர் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாம்பலைப் பற்றிப் பிறகு வருகிறோம் என்றோம் அல்லவா?

1,500 மெகாவாட் நிலையம் ஒன்று நம் நாட்டுக் கரியை மட்டும் வைத்து முழு வேகத்தில் ஓடினால், ஒரே நாளில் எட்டாயிரம் டன்னுக்கு மேல் சாம்பல் விழும். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் ஒரு பகுதி போகிறது. மற்றதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். எண்ணூர்ப் பக்கம் அந்தக் குழாய்கள் வருஷக்கணக்காக ஒழுகின. கொசஸ்தலை ஆற்றின் படுகையில் சாம்பல் படிந்தது. இறாலும் மீனும் குறைந்தன. காட்டுக்குப்பம் மீனவர் வலை வீசினால் சேறும் சாம்பலும் வருகிறது. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கம் கிராமத்தில் காற்றடித்தால் சோற்றில் சாம்பல் விழும். மீனவர்கள் வழக்காடிய பிறகு, 2022ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆற்றைச் சீர்செய்ய உத்தரவு போட்டது. உத்தரவு வருவதற்கே எத்தனை வருஷம்!

புகைக்கும் ஒரு விதி உண்டு. கரிப் புகையிலிருக்கும் கந்தக நச்சைப் பிடித்து வைக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்னும் நிலைமையை 2015 டிசம்பர் விதிகள் உண்டாக்கின. கெடு வைத்தார்கள். கெடுவை நீட்டினார்கள். மறுபடி நீட்டினார்கள். கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல் நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வரும் தொழிலாளிக்கு எவராவது இப்படிக் கெடு நீட்டியதுண்டா?

சாவுக் கணக்கும் இருக்கிறது. 1975 டிசம்பர் 27ஆம் தேதி தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். அது தூரத்து ஊர், பழைய காலம் என்பீர்கள். நெய்வேலி தூரமில்லையே! 2020 மே மாதத்திலும் ஜூலை முதல் தேதியிலும் அங்கே இரண்டாம் அனல் மின் நிலையத்தில் அடுத்தடுத்துப் பாயிலர் விபத்து. ஜூலை விபத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2024 டிசம்பரில் மேட்டூர் அனல் நிலையத்தில் கரித்தொட்டி சரிந்து இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாண்டார்கள். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி எண்ணூரில் கட்டுமானத்திலிருந்த அனல் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் செத்தார்கள். அசாமிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பிள்ளைகள் அவர்கள். இந்தப் பேட்டையில் உங்கள் பக்கத்து மெஷினில் நிற்கிற, உங்கள் பக்கத்து அறையில் பத்துப் பேராகப் படுக்கிற வடநாட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான்.

நிலத்தின் கதை என்ன? 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்குக் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் கதிர் வரும் நேரத்து நெற்பயிரின்மேல் மண் வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார்கள். நிலக்காரருக்குப் பணம் கொடுத்தோம் என்றார்கள். பயிரில் கை வைத்து வளர்த்த கூலியாளுக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்? பட்டா இல்லாதவனுடைய நஷ்டத்தை யார் கேட்டார்கள்? இந்தப் பக்கம் பேட்டைக்காக நிலம் போனபோதும் கூலிக்கு நட்டவர்கள் கண்ட நியாயம் அதுதானே?

சூரியன் இறங்கிய பிறகு

"அப்படியானால் கரியே வேண்டாம், மூடிவிடலாம், சூரியனும் காற்றும் இருக்கின்றனவே" என்று படித்த இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கரிப்புகை பூமியைச் சூடாக்குகிறது என்பது மெய். சித்திரை வெயிலில் குனிந்து நிற்பவர்களுக்கு அதை விஞ்ஞானி வந்து சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. கமுதியில் 2016லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. இந்தப் பாதை வளர வேண்டும். அதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் வயல் வேலை தெரிந்தவர்கள் பருவத்தை மறப்பதில்லை. காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை பலமாக வீசும். அதன் பின் அடங்கும். சூரியன் சாயங்காலம் இறங்கிவிடும். அந்த நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் விசிறியும் போடுகிறார்கள், உங்கள் ராத்திரி ஷிப்டும் தொடங்குகிறது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வருஷத்தில் மாநிலத்தின் சொந்த அனல் நிலையங்களின் திறன் மொத்தம் சுமார் 5,100 மெகாவாட். எல்லாப் பாயிலரும் ஓடினாலும் தேவையில் கால் பங்குதான்! மற்றதை மத்திய நிலையங்களிலிருந்தும், அணுவிலிருந்தும், தண்ணீர், காற்று, சூரியனிலிருந்தும், தனியாரிடம் விலை கொடுத்தும் சேர்க்கிறார்கள். பகல் வெயிலைப் பெரிய பாட்டரிகளிலும், மேலே ஏற்றி வைத்த தண்ணீரிலும் சேமித்து ராத்திரிக்குக் கொடுக்கும் வசதி போதிய அளவு வளரும்வரை, ராத்திரி ஷிப்டைச் சுமப்பது கரிதான்.

ஆகவே கரி ஒரே நாளில் போகாது. ஆனால் போகத் தொடங்கிவிட்டது. எண்ணூர்ப் பழைய நிலையத்தை 2017 மார்ச்சில் மூடினார்கள். நெய்வேலியின் முதல் நிலையம் 2020ல் நின்றது. உலகத்தில் முதன்முதலாக 1882ல் லண்டனில் பொதுமக்களுக்காகக் கரி மின் நிலையம் நடத்திய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30ஆம் தேதி தன் கடைசிக் கரி மின் நிலையத்தை மூடியது. அங்கே கரி போன கதையில் இன்னொரு அத்தியாயம் உண்டு. 1984–85ல் சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அதன் பின் ஊர் ஊராக வேலை போயிற்று. அன்று மூடியவர்களின் மனதில் பூமியின் சூடு இல்லை. லாபக் கணக்குத்தான் இருந்தது. பாடம் இதுதான்: எரிபொருள் மாறும்போது உழைப்பவனைக் கேட்காமல் மாற்றினால், பழைய சாம்பலும் அவன் தலையில், புதிய பட்டினியும் அவன் தலையில்.

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே! நீர்க்கட்டியின் கையில் மடைச் சாவி இருக்கலாம். முறை வைப்பது ஊர் கூடித்தான். நம் ஏரிகளில் முப்பாட்டன் காலத்து வழக்கம் அது. மின்சாரத்துக்கும் அந்த வழக்கத்தைக் கேட்போம்.

முதலாவது: தட்டுப்பாடு வந்தால் வெட்டு எல்லோருக்கும் ஒரு முறைப்படி வர வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை மணி, எந்தப் பேட்டைக்கு எத்தனை மணி என்று முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். கடைமடை என்பதற்காகக் கிராமத்தை இருட்டில் தள்ளக் கூடாது. வெட்டினால் ஷிப்டு நின்றால், அந்தக் கூலி நஷ்டம் கான்ட்ராக்ட் தொழிலாளியின் தலையில் மட்டும் விழக் கூடாது.

இரண்டாவது: சூரிய மின்சாரம் பகலில் மிகுதியாகக் கிடைக்கிறது. அப்படியானால் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரத்தைப் பகலில் கொடுக்கத் தடை என்ன? ராத்திரிக் கரியும் மிச்சம், பாம்புக் கடியும் மிச்சம்.

மூன்றாவது: கரி எரியும்வரை, அதை எரிப்பவன் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும். நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு நிரந்தரத் தொழிலாளி வேண்டும். 2023ல் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது இதற்காகத்தான். குழாய் ஒழுகினால் அடைக்க வேண்டும். ஆறு கெட்டால் மீனவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

நான்காவது: ஒரு நிலையத்தை மூடுவதற்கு முன், அங்கே உழைப்பவர்களுக்கு அடுத்த வேலை எது என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூட வேண்டும்.

இதையெல்லாம் எங்கே கேட்பது? இடம் இருக்கிறது. மின்வாரியம் மாதந்தோறும் நடத்தும் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்கு நான்கு பேர் சேர்ந்து போங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 தேதிகளில் கூடும் கிராம சபையில் பகல் நேர மும்முனை மின்சாரத்துக்குத் தீர்மானம் கொண்டு வாருங்கள். கட்டணத்தை மாற்றும்போது ஒழுங்குமுறை ஆணையம் ஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கேட்டார்கள். முதலாளிமார் சங்கங்கள் வக்கீல் வைத்துப் பேசின. கூலிக்கு நடுகிற பெண் ஒருத்தி எழுந்து, "ராத்திரி மின்சாரத்தால் எங்கள் வீட்டு ஆளுக்கு இப்படி ஆயிற்று" என்று சொன்னால் அதையும் எழுதிக் கொள்ளத்தான் வேண்டும். அடுத்த முறை நம் வரிசையில் நிற்க ஆள் வேண்டும்.

நேரமாகிவிட்டது. ராத்திரி ஷிப்டுக்காரர்களின் பஸ் வரும் நேரம். ஷெட்டுக்குள் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கும்போது ஒரு விநாடி நினைத்துப் பாருங்கள். அந்த விநாடியில் அத்திப்பட்டில் ஒருவர் பாயிலர் பக்கத்தில் வியர்வையில் நனைந்து நிற்கிறார். தால்சேரில் ஒருவர் கரி வெட்டுகிறார். செப்பாக்கத்தில் ஒரு தாய் தூங்கும் குழந்தையின்மேல் படிந்த சாம்பலைத் துடைக்கிறாள். ஏரிக்குக் கீழே ஒருவன் மோட்டார் கொட்டகைக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிறான். உங்களை அவர்கள் பார்த்ததில்லை. அவர்களை நீங்கள் பார்த்ததில்லை. ஒரே கம்பியில் கட்டுண்டவர்கள் நாம்.

அந்தக் கம்பியின் இரண்டு முனையிலும் உழைப்பாளிதான் நிற்கிறான். நடுவில் மடையைத் திறக்கவும் அடைக்கவும் முறை வைக்கும்போது, நம்மையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசட்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.